அடையாறில் நாகம், மாம்பலத்தில் சாரை!

பாண்டி பஜாரில் பட்டுப்புடவை வாங்க வருபவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் நிற்பது ஏரிப்படுகை என்று தெரியும்? நூறு வருடங்களுக்கு முன்பு நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை 'லாங் டேங்க்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த நீண்ட ஏரி ஒன்று இங்கே கிடந்தது. 1920-களில் தண்ணீரை வடித்து, மனை பிரித்து, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைச் சூட்டி தி. நகர் ஆக்கினார்கள். ஏரி போய்விட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர்ப்பலகை மட்டும் தங்கிவிட்டது. பெருமழை கொட்டும்போது தண்ணீருக்குப் பழைய ஞாபகம் வந்துவிடுகிறது. தண்ணீரோடு சேர்ந்து பாம்புக்கும்.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தீயணைப்பு நிலையங்களுக்கும் வனத்துறைக்கும் ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். குளியலறையில் பாம்பு, ஸ்கூட்டர் முகப்புக்குள் பாம்பு, அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பெரிய பாம்பு. மழைநீர் வடிகாலும் எலி வளையும் நிரம்பியதும் மேட்டைத் தேடி வெளியே வந்தவை இவை. அலறியடித்து அழைப்பவர்கள் பெரும்பாலும் நல்லபாம்பு என்றுதான் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் சாரை. இல்லையென்றால் தண்ணீர்ப்பாம்பு. இரண்டுக்கும் விஷம் கிடையாது.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன. விஷமுள்ளவை ஏறத்தாழ அறுபது. அவற்றிலும் பெருவாரியான சாவுகளுக்குக் காரணமானவை நான்கே நான்குதான்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஆனாலும் இதை வைத்து அலட்சியமாக இருந்துவிட முடியாது. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று நாடு தழுவிய மரண ஆய்வு ஒன்று 2020-ல் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் பாம்புக்குப் பலியாவதில்லை.

அந்த 58,000 பேரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிப்பவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பயம் ஒரு வீட்டில் இருக்கிறது, ஆபத்து வேறு வீட்டில் இருக்கிறது. சென்னையின் விஷ ஜந்துக்களைப் பற்றிப் பேசும்போது முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

காடு முதலில், ஊர் பிறகு

சென்னை வரைபடத்தில் கிண்டியிலிருந்து அடையாறு வழியாகக் கடற்கரை வரை விரலை ஓட்டினால் பச்சையாகவே இருக்கும். கிண்டி தேசியப் பூங்கா, ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி. வளாகம், ஆற்றின் தென்கரையில் பிரம்மஞான சபைத் தோட்டம், ஆற்றைத் தாண்டினால் முகத்துவாரத்தையொட்டித் தொல்காப்பியப் பூங்கா. நகரத்துக்கு நடுவில் இவ்வளவு காடு வைத்திருக்கும் இந்தியப் பெருநகரங்கள் மிகக் குறைவு. 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காட்டின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்த காடு அது. 1959-ல் வந்த ஐ.ஐ.டி., நினைவிடங்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்ததுபோக மிச்சம் இருப்பதுதான் இப்போது நாம் பார்ப்பது.

வெளிமானுக்கும் புள்ளிமானுக்கும் வேலி கட்டலாம். பாம்புக்கு எந்த வேலி கட்டுவது? சுற்றுச்சுவரின் வடிகால் ஓட்டை போதும். காட்டின் ஓரத்துத் தெருவில் ஹோட்டல் கழிவு குவிந்தால் எலி பெருகும். எலி பெருகினால் நல்லபாம்பும் சாரையும் வரும். காந்தி நகரிலோ கோட்டூர்புரத்திலோ வீட்டுத் தோட்டத்தில் பாம்பைப் பார்த்தவர்கள், பக்கத்துக் காலிமனையைச் சுத்தம் செய்யச் சொல்லி மாநகராட்சிக்கு மனு போடுவார்கள். அதே தெருவின் குப்பைத்தொட்டி மூன்று நாளாக நிரம்பி வழிவதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பாம்பை அழைத்து வருவது புதர் மட்டுமல்ல, புதரையொட்டி நாம் கொட்டும் சாப்பாடும்தான்.

கோடையில் இன்னொரு வரத்து. நல்லபாம்பு மார்ச் வாக்கில் முட்டையிடத் தொடங்கும். ஒரு முறைக்குப் பன்னிரண்டு முதல் முப்பது வரை. இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளியே வரும். ஜூன், ஜூலையில் படிக்கட்டுக்கடியிலும் பூந்தொட்டிக்குப் பின்னாலும் விரல் பருமனில் ஒரு குட்டி படமெடுத்து நிற்பது இதனால்தான். அது பிறந்த அன்றே கடிக்கும், விஷமும் இருக்கும். ஆனால் குட்டியின் விஷம் தாயைவிடப் பல மடங்கு கொடியது என்று ஊரில் உலவும் கதையை நம்ப வேண்டியதில்லை. உடம்பு சிறியது, விஷப்பையும் சிறியது.

நாலு பேர்

நால்வரில் நல்லபாம்பை நல்லது என்று சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அது எச்சரிக்கும். நிமிர்ந்து நின்று, படம் விரித்து, சீறி, விலகிப் போகச் சந்தர்ப்பம் கொடுக்கும். பல சமயம் விஷத்தை இறக்காமலே வெறுமனே முட்டிவிட்டுப் போவதும் உண்டு. கடித்தால் நரம்பு மண்டலம் செயலிழக்கும், கடித்த இடத்துச் சதையும் அழுகும்.

சுருட்டை விரியன் சிறியது. செங்கல்பட்டுப் பக்கத்து வறண்ட புதர்க்காட்டிலும் கல்லிடுக்கிலும் வாழ்வது. உடம்பைச் சுருட்டிச் செதில்களை ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்பும். மயிலாப்பூர்வாசிகள் அதைப் பார்க்க வேண்டுமென்றால் கிண்டிப் பாம்புப் பண்ணைக்குத்தான் போக வேண்டும்.

கண்ணாடி விரியன் அப்படியல்ல. தடித்த உடம்பு, முதுகு நெடுகச் சங்கிலி மாதிரி கோத்த வட்டங்கள். மிரண்டால் குக்கரிலிருந்து ஆவி பீறிடுவது போலச் சத்தம் போடும். முட்டையிடாமல் குட்டி போடும் பாம்பு இது. ஒரே பிரசவத்தில் இருபது, முப்பது என்று ஈனும். இதன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கும். ஈறில், சிறுநீரில் ரத்தம் வரும். சிறுநீரகம் பழுதாகும்.

இந்தப் பாம்புக்கு உலகம் வைத்திருக்கும் 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' என்ற பெயரின் பின்னால் ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1780-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் அரசாங்கத்துக்கு இயற்கை ஆய்வாளராக இருந்தார். சோழமண்டலக் கரையில் கிடைத்த பாம்புகளைச் சேகரித்து, உள்ளூர்ப் பெயர்களோடு, ஓவியங்களோடு 1796-ல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகம்தான் இந்தியப் பாம்புகளைப் பற்றிய முதல் முறையான ஆவணம். விஷமுள்ளது எது, விஷமில்லாதது எது என்று வெறுமனே ஏட்டில் எழுதாமல், நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டுப் பார்த்தவர் ரஸ்ஸல். அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்தது 'தஞ்சாவூர் மாத்திரை'. பாஷாணம் கலந்தது! விஷத்துக்கு விஷம் என்ற கணக்கு. அதையும் ரஸ்ஸல் விட்டுவைக்கவில்லை, சோதித்துப் பார்த்தார். இன்றைக்கும் ஊர்ப்புறத்தில் பாம்புக்கடிக்குக் கொடுக்கும் பச்சிலைகளை யாராவது இந்த அளவுக்கு நேர்மையாகப் பரிசோதித்தால் நல்லது.

நால்வரில் மிகவும் பயப்பட வேண்டியது எது என்று பாம்புகளோடு புழங்குபவர்களிடம் கேட்டால், பலரும் கட்டுவிரியனைத்தான் சொல்வார்கள். துளிக்குத் துளி ஒப்பிட்டால் நால்வரில் வீரியம் கூடிய விஷம் இதனுடையது. பகலில் சாது. சுருண்டு படுத்துக் கிடக்கும். இரவில் வேட்டைக்குக் கிளம்பும். சிறிய பாம்பு, பல்லி, எலி என்று தேடிக்கொண்டு வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பல் மிகச் சிறியது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, தடம்கூடத் தெரியாது. எறும்போ கொசுவோ என்று தூக்கத்தைத் தொடர்ந்தவர்கள் உண்டு. விடியற்காலையில் வயிற்றைப் பிசையும். பிறகு இமை கீழே இறங்கும், கண்ணைத் திறந்து வைக்க முடியாது. பேச்சு குழறும். அடுத்து மூச்சு. நெஞ்சுவலி என்றும் அஜீரணம் என்றும் நினைத்து சோடா குடிக்க வைத்து நேரத்தைக் கடத்திய குடும்பங்களின் கதையை எந்த அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலும் கேட்கலாம்.

நகரத்தில் இரவில் தரையில் படுப்பவர்கள் யார்? கட்டுமான இடத்தில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி, அடுக்குமாடியின் வாட்ச்மேன், காலிமனை ஓரத்துக் குடிசைவாசி. குப்பைக்குள் வெறும் கையை விடுபவர் தூய்மைப் பணியாளர். வேளச்சேரி, பெரும்பாக்கம், மேடவாக்கம் என்று ஊர் தெற்கே நீள நீள, ஏரிக்கரையில் முதலில் போய்க் குடியேறுபவர்கள் இவர்கள்தான். வீடு கட்டி முடித்துக் கிரகப்பிரவேசம் செய்பவர்கள் வருவதற்குள் பாம்பு இடம் மாறிப் போயிருக்கும்.

கட்டுவிரியனென்று நினைத்து அடித்துக் கொல்லப்படும் ஓர் அப்பாவி உண்டு. ஓநாய்ப் பாம்பு. சுவரேறிப் பல்லி பிடிக்க வரும் வீட்டுப் பாம்பு அது. விஷமில்லை. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: ஓநாய்ப் பாம்பின் வெள்ளைப் பட்டைகள் தலைப்பக்கம் பளிச்சென்று இருந்து வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறாக வால்பக்கம் எடுப்பாக இருக்கும். ஆனால் இந்தப் பரீட்சையை இரவில் டார்ச் வெளிச்சத்தில் எழுதிப் பார்க்க வேண்டாம். தள்ளி நின்று ஒரு போட்டோ, பிறகு ஒரு போன், அது போதும்.

கிண்டிக்கு வந்த அமெரிக்கர்

சென்னையில் படித்தவர்களில் பள்ளிச் சுற்றுலாவில் கிண்டிப் பாம்புப் பண்ணையைப் பார்க்காதவர்கள் குறைவு. கண்ணாடித் தடுப்பில் மூக்கை அழுத்திக்கொண்டு மலைப்பாம்பை எழுப்பப் பார்த்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். இதைத் தொடங்கியவர் ரோமுலஸ் விட்டேகர். 1943-ல் நியூயார்க்கில் பிறந்து, சிறுவனாக பம்பாய்க்கு வந்து, கொடைக்கானலில் படித்து, அமெரிக்கா திரும்பி மயாமியில் ஒரு பாம்புப் பண்ணையில் விஷம் எடுக்கும் வேலை கற்றவர். இந்தியா திரும்பியதும் தாம்பரம் அருகே சேலையூரில் சின்னதாக ஒரு பண்ணை போட்டார். 1972-ல் வனத்துறை கிண்டியில் இடம் கொடுத்தது. சில ஆண்டுகள் கழித்து, 1976-ல், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. 2018-ல் பத்மஸ்ரீ.

விட்டேகர் எத்தனையோ ஊர்களை விட்டுச் சென்னையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருளர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் வாழும் இந்தப் பழங்குடிகள் மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கடப்பாரையும் கையளவு நிதானமும்தான் கருவி.

அந்தத் திறமை முதலில் போய்ச் சேர்ந்த இடம் தோல் மண்டி. ஐரோப்பியப் பெண்களின் கைப்பைக்கும் காலணிக்கும் பாம்புத் தோல் வேண்டியிருந்தது. மதராஸ் அந்த வியாபாரத்தின் முக்கியத் துறைமுகம். சாரையும் நாகமும் மூட்டை மூட்டையாக உரிக்கப்பட்டன. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி அடியோடு நின்றது. பாம்பு உயிர் பிழைத்தது. பாம்பைப் பிடித்துப் பிழைத்தவர்களுக்கு அடுத்த வேளைச் சோறு போனது. சட்டம் போட்டவர்கள் யாரும் இருளர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

1978-ல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அந்தப் பள்ளத்தை நிரப்பியது. யோசனை எளிமையானது. பாம்பைக் கொன்று ஒரு முறை தோலை விற்பதற்குப் பதில், உயிரோடு வைத்துப் பல முறை விஷம் எடுத்து விற்பது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை உத்தரவு கொடுக்கும். பிடித்த பாம்பு வடநெம்மேலிக்கு வரும். மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை எடுத்து, பாம்பின் வாயைக் கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் அழுத்தினால் மஞ்சளாகச் சில துளிகள் இறங்கும். சில வாரங்கள் கழித்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பவும் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருக்கும் பாம்பு மறுபடி சிக்கினால் உடனே தெரிந்துவிடும்.

உறையவைத்து உலர்த்திய அந்த விஷத்தூள் ஹைதராபாத், மகாராஷ்டிர மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்கு மிகச் சிறிய அளவில் ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் 1895 வாக்கில் வகுத்த அடிப்படை முறைதான் இன்றும். பீகாரில் ஒரு விவசாயக் கூலியைப் பாம்பு கடித்தாலும், அவர் உடம்பில் ஏறும் மருந்தின் மூலம் பெரும்பாலும் சென்னையின் தென்கோடியில் ஓர் இருளர் பிடித்த பாம்பு. இந்த ஊர் கர்நாடக சங்கீதத்துக்கும் ஃபில்டர் காபிக்கும் பெருமை பேசுகிற அளவுக்கு இதற்குப் பேசுவதில்லை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவினர், ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது என்று தொடர்ந்து காட்டி வருகிறார்கள். செங்கல்பட்டு நாகத்தின் விஷத்தில் செய்த மருந்து ராஜஸ்தான் பாம்பிடம் அதே வேகத்தில் வேலை செய்வதில்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது சாதகம், மற்ற மாநிலத்தாருக்குப் பாதகம். அங்கங்கே விஷம் சேகரிக்கும் மையங்கள் வர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. வந்தால், கற்றுக்கொடுக்க ஆள் இங்கேதான் இருக்கிறார்கள்.

உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வளர்ப்புப் பிராணியாக வந்து காட்டில் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று பதினாறு அடிப் பெண்பாம்பு. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது அரசு.

வளர்ப்புப் பிராணி ஆசை இப்போது இங்கேயும் வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பெண்ணின் பெட்டிகளுக்குள் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. ஃபுளோரிடாவின் கதை எப்படித் தொடங்கியதென்று தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கைச் செய்தி அல்ல.

புற்றுக்குப் பால்

ஆடி மாதம் மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். நாகர் கல்லுக்கு மஞ்சள், குங்குமம், புற்றுக்குப் பால், முட்டை. பாம்பைக் கும்பிடுவதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. கும்பிட்ட ஊரில் அது கொஞ்சம் கூடுதலாகவே பிழைத்திருக்கிறது. ஆனால் பாம்பு பால் குடிக்காது. பல நாள் தாகத்தில் தவிக்கவிட்டால் எந்தத் திரவத்தையும் குடிக்கும், பிறகு செரிக்காமல் அவதிப்படும். பாம்பாட்டிகள் செய்தது அதைத்தான். புற்றும் பாம்பு கட்டியது இல்லை. கரையான் கட்டியது, பாம்பு வாடகை கொடுக்காமல் குடியேறியது. உள்ளே ஊற்றும் பால் அந்த வளையை நாறடிக்கும்.

மகுடிக்கு ஆடுவதும் இசை ரசனையால் அல்ல. பாம்புக்கு வெளிக்காது இல்லை. அசையும் மகுடியை அது கண்ணால் பின்தொடர்கிறது. நாகமும் சாரையும் பின்னிப் புணர்வதாகச் சொல்லப்படும் காட்சியில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். அது சண்டை. அந்த இடத்தில் வெள்ளைத் துணி போட்டு எடுத்து வைத்தால் செல்வம் வரும் என்பவர்கள், வராவிட்டால் துணியை மாற்றிப் பார்க்கலாம்.

மூடநம்பிக்கையின் புது வடிவம் ரீல்ஸ். பிடித்த நாகத்தை மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டி, முத்தமிட்டு, லைக் வாங்குபவர்கள் தமிழ்நாட்டில் பெருகிவிட்டார்கள். அதேசமயம், அனுபவசாலிகளுக்கும் இந்த வேலை விளையாட்டில்லை. கோவையில் ஆண்டுக்கணக்கில் பாம்பு மீட்ட ஒருவர் 2025 மார்ச்சில் நாகம் கடித்து இறந்துபோனார். பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் பாம்பைப் பிடிப்பதும், அடித்துக் கொல்வதும் சட்டப்படி குற்றம்.

கரைக்கு வந்தவை

கடல்பாம்பு எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு. நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் மீனவர்களின் வலையில் அது மீனோடு மீனாக வரும். தட்டையான வாலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, பதறாமல் எடுத்துக் கடலில் விட்டுவிடுவார்கள். கரைக்கு வரும் பாம்பு அலை ஒதுக்கியது, சோர்ந்தது. அதைத் தொட்டுப் பார்ப்பது மெரினாவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள்தான். நம் ஆஸ்பத்திரியில் இருக்கும் விஷமுறிவு மருந்து தரைப்பாம்பு நான்குக்கானது. கடல்பாம்புக்கு அது கேட்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இரண்டு விருந்தாளிகளைக் காட்டிவிட்டுப் போனது. ஒன்று, பெசன்ட் நகர் மணலில் நீலமும் வெள்ளியுமாகக் கிடந்த 'புளூ டிராகன்' என்ற சின்னஞ்சிறு கடல் நத்தை. கொட்டும் சொறிவகை உயிரிகளைத் தின்று, அவற்றின் கொடுக்கு அணுக்களைத் தன் உடம்பில் சேமித்து வைத்துக்கொள்ளும் கில்லாடி. அழகாக இருக்கிறதென்று கையில் எடுத்தால் தீப்பட்டது மாதிரி எரியும். மற்றொன்று, பெருங்களத்தூரில் கொட்டும் மழையில் தார்ச்சாலையைக் கடந்துபோன முதலை. காரிலிருந்து எடுத்த அந்த வீடியோவைப் பார்த்து ஊரே நடுங்கியது. சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன, மனிதர்களைக் கண்டால் ஒதுங்கும் பிராணிகள் அவை என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். அன்று சாலையைக் கடந்த முதலை யாரையும் தீண்டவில்லை.

தேளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கருந்தேளைப் பார்த்து ஓடுகிறோம். அது கொட்டினால் வலி மட்டும்தான். செங்கல் அடுக்கிலும் விறகுக்கடியிலும் இருக்கும் சின்னச் செந்தேள்தான் குழந்தைகளின் இதயத்தைத் தாக்கக்கூடியது. மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த டாக்டர் பவாஸ்கர், பிரசோசின் என்ற சாதாரண ரத்தக்கொதிப்பு மாத்திரையால் செந்தேள் கடிச் சாவுகளைப் பெருமளவு குறைக்கலாம் என்று 1980-களில் நிரூபித்தார். இன்றைக்கு நாடெங்கும் அதுதான் சிகிச்சை.

உண்மையிலேயே ஆளைக் கொல்லும் பிராணிகளின் பட்டியலைச் சென்னைக்குத் தயாரித்தால் இவை எதுவும் மேலே வராது. தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம். ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர். கொசு முதலான பூச்சிகள் பரப்பும் நோய்கள் உலகில் ஆண்டுக்கு 7 லட்சம் பேரைக் கொல்கின்றன. மலேரியாவைப் பரப்பும் நகரத்துக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. மூடி சரியில்லாத மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் சுத்தமான தண்ணீரில் வளர்கிறது. மூன்றாவது மாடிக்காரர் பயப்பட வேண்டியது தலைக்கு மேலே இருப்பதற்கு.

கடித்துவிட்டால்

கத்தியால் கீறக் கூடாது. வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. இறுக்கிக் கட்டுப் போடக் கூடாது. கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும், அதற்குள் காலே அழுகியும் போகலாம். மோதிரம், கொலுசு, மெட்டி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போலக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோகத் தேவையில்லை. மருந்து நான்கு பாம்புக்கும் ஒன்றுதான்.

மருத்துவமனையில் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விரியனின் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்தின் அளவு ஒன்றே. ஆளின் எடையைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை அல்லவா? மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், வீட்டில் வாங்கி வைத்துப் போட்டுக்கொள்ளும் ஊசி இது இல்லை. கட்டுவிரியன் கடித்துத் தாமதமாக வந்தவருக்கு மருந்தைவிட வென்டிலேட்டர்தான் உயிர் கொடுக்கும். அது இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போவது நல்லது. மயிலாப்பூர், தி. நகர்க்காரர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் தூரமில்லை.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. இனி அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்தத் தெருவில், எந்த மாதத்தில், யாரைக் கடித்தது என்ற கணக்கு கைக்கு வந்தால்தான் எங்கே மருந்து வேண்டும் என்று தெரியும். இத்தனை நாள் நாம் ஊகத்திலேயே ஓட்டினோம்.

கடித்தால் 108. வீட்டுக்குள் பாம்பு இருந்தால் தீயணைப்புத் துறையின் 101. இந்த இரண்டு எண்களையும் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் காலிமனைப் புதரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கார் நிறுத்துமிடத்தில் அட்டையை விரித்துப் படுக்கும் வாட்ச்மேனுக்கு ஒரு கட்டில், ஒரு கொசுவலை, ஒரு டார்ச் லைட் வாங்கத் தீர்மானம் போடுங்கள். நன்றாகச் செருகிக் கட்டிய கொசுவலைக்குள் கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது.